பஸ் தூங்கிய நேரம்

பஸ்ஸை ஓட்டுவது டிரைவர் வேலை. அவர் தூங்கி எழுந்துதான் ஓட்டுகிறாரா என்று பார்ப்பது டூட்டி கிளார்க் வேலை. புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். அதனால் எதை எழுதினாலும் தப்பாகிவிடுமோ என்று இரண்டு முறை சரிபார்ப்பேன். படுத்துப் புரளுகிறவர்களும், விடிந்து எழுந்தும் அசதி தீராதவர்களும் இதைப் படித்தால் என்னையும் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுவரில் ஒட்டிய சார்ட்

டிரைவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் மேனேஜர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு சார்ட் தயாரித்தேன். கடலோர மீமிசலுக்குக் கடைசி பஸ் இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேரும். நைட் ஹால்ட் அங்கேயே. மறுநாள் ஐந்தரைக்கு அதே டிரைவர், அதே கண்டக்டரோடு திரும்பும். ஆகவே எட்டு மணி நேர ஓய்வு என்று கட்டத்தில் எழுதி, சார்ட்டைச் சுவரில் ஒட்டினேன்.

கண்டக்டர் கருப்பையா எங்கள் கம்பெனியில் பழைய ஆள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் படித்துவிட்டுத் திரும்பினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். இது பஸ் தூங்கின நேரம். நாங்க தூங்கின நேரத்தை எங்கிட்டு எழுதியிருக்கீங்க?"

மீன் கூடை

அவர் சொன்னதை விசாரித்தேன். காற்றுக்காக டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸின் கூரைமேல் படுப்பார்களாம். மூன்று மணிக்கே மீன் கூடைகள் வந்துவிடும். ஏணியில் ஆள் ஏறி, படுத்திருக்கிறவர்களை நகரச் சொல்லிக் கூடைகளை அடுக்குவான். அதன்பிறகு ஈரமும் வாடையும்தான், தூக்கம் கிடையாது.

ஒரு விடுமுறை நாளில் மீமிசல் போய், கூடை அனுப்புகிற அம்மாளைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மேல் ஏற்றக்கூடாதா, டிரைவர் தூங்க வேண்டாமா என்று கேட்டேன். அந்த அம்மாள் செதில் ஒட்டிய கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீனு செத்துத்தான் கெடக்கு தம்பி, அது காத்திருக்கும். சந்தை காத்திருக்குமா?"

ஆனாலும் நல்ல மனசு. தன் உப்புக் கொட்டகையில் இரண்டு பேர் படுக்க இடம் விட்டார். கொசுவலை இரண்டு வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் மனுவை மடித்து என்னிடமே நீட்டினார். "இன்னைக்குக் கொசுவலைம்பான், நாளைக்கு மெத்தைம்பான், அப்புறம் என் நாற்காலியக் கேப்பான். போப்பா பி.ஏ., போய் வேலையப் பாரு."

நன்றாகத் தூங்குகிறவர்

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் டூட்டிக்கு வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, எடுத்த சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா என்று கவனிப்பேன். சந்தேகம் வந்தால் டூட்டியை மாற்றிப் போடுவேன். எல்லா டிரைவர்களும் ஏதாவது குறை சொன்னார்கள். ஒருவருக்குக் கொசு, ஒருவருக்குக் கைப்பிள்ளை அழுகை, ஒருவருக்கு முதுகுவலி.

குறையே சொல்லாதவர் அடைக்கலம் ஒருவர்தான். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன கனத்த உடம்பு. ஷெட் பெஞ்சில் சாய்ந்தால் இரண்டு நிமிஷத்தில் குறட்டை. லாரி மேட்டில் ஏறுகிறது என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். இவரைப் பற்றிக் கவலையே இல்லை என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒருநாள் அவரே சொன்னார், அதையும் ஒரு பெருமைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். "எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்டாப்ல தூங்குறேன் சார். எந்திரிச்சா இன்னும் எட்டு மணி நேரம் தூங்கலாம் போல இருக்கு."

செல்லம்மா கேட்டது

மீமிசல் ஹால்ட் எல்லோருக்கும் முறை வைத்துப் பதினைந்து நாள். அடைக்கலத்தின் முறை வந்தபோது, அவர் மனைவி செல்லம்மா மத்தியானத்தில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஹால்ட் போட வேண்டாம், ராத்திரி வீட்டுக்கு வருகிற லைனே போடுங்கள் என்றார். காரணம் கேட்டேன். தூங்கும்போது குறட்டை திடீரென்று நின்றுவிடும், கூடவே மூச்சும் நின்றுவிடும், தோளைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தால்தான் திணறிக்கொண்டு மூச்சு திரும்பும், ஒரு ராத்திரிக்குப் பத்திருபது தடவை அப்படி என்றார். அவருக்கே அது தெரியாதாம்.

ஹால்ட்டிலிருந்து தப்பிக்க இதற்கு முன் கேட்ட காரணங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும். நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை என்று பணிவாகவே சொன்னேன். செல்லம்மா சண்டை போடவில்லை. "நான் முழிச்சிருந்தாத்தான் அவரு தூங்குறாரு தம்பி. ஒங்க மீமிசல்ல யாரு முழிச்சிருப்பா?"

ஒன்பதாம் நாள்

அடைக்கலத்தின் ஹால்ட்டில் ஒன்பதாம் நாள் காலை, ஆவுடையார்கோவிலைத் தாண்டி, நல்ல வெளிச்சத்தில், நேரான ரோட்டில் அவர் ஓட்டிய பஸ் இடப்பக்கம் இறங்கிக் கண்மாய்க் கரைப் பனையில் மோதியது. அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றார் கருப்பையா. முன்சீட்டில் இருந்த வெற்றிலை வியாபாரி அங்கேயே இறந்துபோனார். அடைக்கலத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் என் சார்ட்டைப் பார்த்தார். எட்டு மணி நேர ஓய்வு. மேனேஜர் முகத்தில் தெளிவு வந்தது; கம்பெனி தப்பித்தது, தப்பு முழுக்க டிரைவருடையது. சொன்னால் வேலை போகும். என் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர். ஆனாலும் செல்லம்மா வந்ததையும், சொன்னதையும், நான் மறுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "மூச்சு நின்னதுன்னு எழுத இதுல கட்டம் இல்லையே தம்பி. எட்டு மணின்னே இருக்கட்டும்."

இப்போது கேட்கிற கேள்வி

வேலை போகவில்லை. நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளாததால் போகவில்லை. அதன்பிறகு எந்த டிரைவரிடமும் நன்றாகத் தூங்கினீர்களா என்று நான் கேட்பதில்லை. தூங்குகிறவருக்குத் தன் தூக்கம் தெரியாது. வீட்டுக்குப் போய், பக்கத்தில் படுக்கிறவரைக் கேட்கிறேன். அப்படி இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பு இளைக்க வேண்டும், மல்லாந்து படுக்கக்கூடாது, சாராயம் ஆகாது என்றார். இதற்குப் பெயர் அவருக்கும் தெரியவில்லை. இருவருக்கும் ஹால்ட் போடுவதில்லை. பாரபட்சம் என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

போன மாதம் அடைக்கலம் வீட்டுக்குப் போனேன். பகலிலேயே கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் தலையணை அண்டக் கொடுத்திருந்தது, ஊன்றுகோல் சுவரில். கால்மாட்டில் உட்கார்ந்து செல்லம்மா புளி உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை குறட்டை நிற்கும்போதும் அவர் கையும் நின்றது. அது திரும்ப வந்ததும் கையும் ஓடியது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் செல்லம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கண்ணு செவந்து கெடக்கே தம்பி, ஒங்களுக்கு யாரு முழிச்சிருக்கா?"

ஒன்பதரைக்குப் படுக்கிறேன், ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். என் சார்ட்டின்படி எனக்கும் எட்டு மணி நேர ஓய்வு.