விட்டுப்போன பிரேம்கள்

துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், அண்ணன் கொடுத்தனுப்பிய சிடியைக் கொண்டுவந்த அன்று, பேகம்பூர் வீட்டில் எல்லோரும் என் கம்ப்யூட்டர் முன் கூடிவிட்டோம். அண்ணன் மனைவி, என் மதினி, முந்தானையில் கையைத் துடைத்தபடி கடைசியாக வந்து நின்றார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. பேசுவார்; பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வெள்ளிதோறும் அண்ணனின் போன் வரும்போது நாங்கள் மாறி மாறிப் பேசுவோம். அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக நானே எழுதிய வீடியோ பிளேயரில் சிடியை ஓட்டினேன். அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது. அத்தா, அம்மா உடம்பை விசாரித்தார், என் படிப்பை விசாரித்தார். கடைசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு திரை கறுத்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மதினி அசையவில்லை. "வாயி துள்ளுது புள்ள. பாதிப் பேச்சக் காணோம்."

"என்ன சொன்னாகன்னு நான் சொல்றேன் மதினி."

"நீ சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் அனுப்பிருக்காக?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய கம்ப்யூட்டரால் படத்தை வேகமாக ஓட்ட முடியாது. குரல் தடைபடக் கூடாதென்று, படமாகச் சேரும் பிரேம்களில் பின்தங்குபவற்றைக் காட்டாமலே தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன். காதுள்ள எங்களுக்கு அது உறுத்தவில்லை. இன்று பெங்களூரில் ஒரு தனியறையில் அமர்ந்து இதே வேலையைத்தான் செய்கிறேன். பின்தங்கியதை விட்டுவிடு என்பதுதான் இன்றும் விதி. அதை எழுதும்போதெல்லாம், விடுபடுவது யாருக்கான பேச்சோ என்று கை ஒரு கணம் நிற்கும்.

மறுநாள் ஒலியை எடுத்துவிட்டேன். ஒரு பிரேமும் விடாமல், ஒவ்வொன்றும் சம நேரம் நிற்கும்படி மாற்றினேன். படம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மதினி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பேச்சில்லை என்று நாங்கள் நினைத்த அந்தக் கடைசிப் பகுதியில் அண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குரலை விட்டுவிட்டு, மதினிக்கு மட்டும் பேசியிருக்கிறார். மதினியின் முகம் சிவந்தது. பிறகு மெல்ல வாடியது.

"என்ன மதினி?"

"இந்த வருசமும் வர முடியாதாம்."

அதற்கு முன்னால் அண்ணன் சொன்னதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதினி கறுத்த திரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "முடிஞ்சதும் கறுப்பாப் போகாம, அவுகள நிக்க வைக்க முடியுமா? பதில் சொல்லணும்ல?"

கடைசிப் பிரேம் அப்படியே நிற்கும்படி மாற்றிக் கொடுத்தேன். மதினி திரைக்கு அருகே குனிந்தார். சத்தமில்லாமல் அவருடைய உதடுகளும் அசையத் தொடங்கின. நான் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.