பாய்லருக்கு வைத்த பொட்டு

மரியாதையைப் போல ஆளைத் தள்ளி வைக்கிற சமாச்சாரம் வேறு இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாக்களுக்கு இது தெரியும். என் மகளைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறேன். நான் இருப்பது விழுப்புரத்தில். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற தூரம்தான். ஆனால் அந்த வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றினால் போதும், "சம்பந்தி வந்துட்டாருங்க" என்று ஒரு குரல் எழும். டிவி அணையும். சம்பந்தி கைலியிலிருந்து வேட்டிக்கு மாறுவார். சம்பந்தியம்மா ஏற்கெனவே துடைத்து வைத்திருக்கும் நாற்காலியை மறுபடி துடைப்பார். விசேஷம் எதுவும் இல்லாத நாளில்கூட வடை, பாயசம். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவேன்.

என் மனைவி போன பிறகு மகள் ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வருவாள். "எங்ககூடவே வந்து இருந்துடுப்பா. அங்க தனியா இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்பாள். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். விழுப்புரத்து வீட்டில் சாயங்காலம் விளக்கைப் போட்டால் எனக்கு நானே போட்டுக்கொண்ட விளக்கு என்று தோன்றும். ஆனால் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிற வீட்டில் எப்படிக் குடியிருப்பது? தண்ணீர் குடிக்க நான் சமையலறைப் பக்கம் போனால் சம்பந்தியம்மா பதறிப்போய் சொம்போடு ஓடிவருவார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வேளைக்கு விருந்தாளியாக இருக்கலாம், வருஷக்கணக்கில் இருக்க முடியாது. "பாக்கலாம்மா" என்று சொல்லி பஸ் ஏறிவிடுவேன்.

அந்தத் தனிமையில்தான் படகு வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு பெரியவர் முழ நீளப் படகு ஒன்றைக் குளத்தில் விடுகிற வீடியோ போனில் வந்தது. பேட்டரி மோட்டார் கிடையாது. உள்ளே குட்டி பாய்லர், அதற்கடியில் சின்ன விளக்கு, நிஜ நீராவியில் ஓடுகிற நிஜ இன்ஜின். கரையில் நின்றுகொண்டு ரிமோட்டால் அதைத் திருப்புகிறார். பக்பக்கென்று அது புகை விட்டுக்கொண்டு போவதை எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கில்லை. ஒரு நாள் என் போனை வாங்கிப் பார்த்த மகள், "இன்னாப்பா, போன் பூரா இதே படகுதான் வருது" என்றாள். பேச்சு அவள் மாமனார் காதுக்குப் போயிற்று.

சம்பந்தி திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டர் சாமான், போர்வெல் மோட்டார் சாமான் கடைவது அவர் தொழில். நான் தொலைபேசி இலாகாவில் கேபிள்களை ஒட்டி ஒட்டியே ஓய்வு பெற்றவன். மறுநாளே அவரிடமிருந்து போன். "சம்பந்தி, அந்தப் படகு நம்ம பட்டறைல ஆவுற வேலதாங்க. பாய்லரும் இன்ஜினும் நான் பாத்துக்கறேன். படகும் அந்த ரிமோட் சமாச்சாரமும் நீங்க பாத்துக்கோங்க. இன்னா சொல்றீங்க?" நான் என்ன சொல்வேன்? அன்றைக்கே மரக்காணத்துக்குப் போய், மீன்பிடிப் படகுக்குப் பூசுகிற ரெசினும் ஃபைபர் துணியும் வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக் கூடத்திலேயே ப்ளைவுட்டில் படகுக்கு எலும்புக்கூடு கட்டி, மேலே ஃபைபர் ஒட்டினேன். ரெசின் நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். படகின் உடம்பைக் காயவைத்துத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், தொட்டிலா? பேரனுக்கா?" என்று கேட்டார். "ஆமாம்பா, பேரனுக்குதான்" என்றேன். எனக்குப் பேரனே கிடையாது. படகு என்று சொன்னால் திண்டிவனம் வரைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சம்பந்தி தடித்த செம்புக் குழாயை அறுத்து, இரண்டு பக்கமும் மூடி வைத்து, வெள்ளிக் கம்பியால் பற்றவைத்து பாய்லர் செய்தார். பித்தளையில் இரண்டு சிலிண்டர் கடைந்து இன்ஜின் செய்தார். பாய்லரின் உச்சியில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ். உள்ளே ஸ்பிரிங் வைத்த சேஃப்டி வால்வு அது. ஆவியின் அழுத்தம் அளவுக்கு மேல் போனால் தானாகத் திறந்து புஸ்ஸென்று வெளியே விட்டுவிடும். குக்கருக்கு வெயிட் எப்படியோ, பாய்லருக்கு அது அப்படி. பாய்லருக்குள் தண்ணீரை அடைத்து, பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்து, ஒரு சொட்டுக்கூட கசியவில்லை என்று பார்த்த பிறகே அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

வாராவாரம் போனேன். வேலை நன்றாக நடந்தது. ஆனால் மரியாதை எங்களோடு பட்டறைக்கும் வந்துவிட்டது. அவர் பாய்லரைப் படகில் கொஞ்சம் உயரமாகப் பொருத்தினார். இப்படி வைத்தால் ஒரு பக்கம் சாயுமே என்று எனக்குப் பார்த்தவுடனே பட்டது. சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? "நீங்க வச்சா சரியாத்தாங்க இருக்கும்" என்றேன். நான் கட்டிய படகு கொஞ்சம் ஒடிசல் என்று அவருக்கும் பட்டிருக்கிறது. அவரும், "அம்சமா கட்டியிருக்கீங்க" என்றார். பட்டறைத் தொட்டியில் மிதக்கவிட்டோம். படகு ஒரு நொடி யோசித்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் படுத்தது. இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "தண்ணி கொஞ்சம் ஆடுது போலங்க" என்றார் அவர். "ஆமாங்க, காத்து" என்றேன். பட்டறைக்குள் ஏது காற்று? கடைசியில் பாய்லரைக் கீழே இறக்கி, பழைய கேபிளிலிருந்து எடுத்து நான் வைத்திருந்த ஈயத்தை உருக்கி அடியில் ஊற்றிச் சரிக்கட்டினோம். யார் தவறு என்று யாரும் பேசவில்லை.

தை பிறந்து, ஏரிகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கிளம்புகிற நேரத்தில் சம்பந்தியம்மா, "இருங்க, புது வண்டிய பூஜ போடாம எடுத்துக்கினு போவீங்களா?" என்று தடுத்துவிட்டார். திருவக்கரை அம்மன் கோயில் குங்குமம் வந்தது. சந்தனம் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தார். கற்பூரம் காட்டினார். படகின் மூக்கில் ஒரு பொட்டு, புகைபோக்கியில் ஒரு பொட்டு. மூன்றாவதாக, பாய்லரின் தலையில் பளபளவென்று கலசம் மாதிரி இருந்த அந்தப் பித்தளைக் குமிழுக்கு நல்ல தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

சேஃப்டி வால்வின் வாய் அடைந்துபோயிற்று. நான் பார்த்தேன். சம்பந்தியும் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

துடைக்கலாம்தான். ஆனால் நான் மனைவியை இழந்தவன். அந்த வீட்டு அம்மா மங்கலமாக வைத்த பொட்டை என் கையால் அழிப்பதா? என் பெண் வாழ்கிற வீடு அல்லவா! சம்பந்திக்குத் தெரியாததா, ஏரிக்கரையில் அவரே துடைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அவர் என்ன நினைத்தாரென்று பிறகு அவரே சொன்னார். பெண்டாட்டி வைத்த பொட்டை என் எதிரில் துடைத்தால், வீட்டுப் பெண்களை மதிக்காத ஆள் என்று நான் எண்ணிவிடுவேனாம். கேபிள் வேலை பார்த்தவருக்குத் தெரியாததா, நானே துடைத்துவிடுவேன் என்று அவரும் விட்டுவிட்டார். உலகத்தில் வேறு எங்கும் இப்படி இரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டு பாய்லரை அடைத்து எடுத்துப் போயிருக்க மாட்டார்கள்.

ஒலக்கூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. படகைக் கரையோரம் வைத்து, பாய்லரில் தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். ரிமோட் என் கழுத்தில் தொங்கியது. வால்வைத் துடைப்பாரா என்று நான் அவரை ஒரு தடவை பார்த்தேன். அவர் அடக்கமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அழுத்தமானியின் முள் மெல்ல எழும்பியது. பட்டறையில் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போதெல்லாம் வால்வு புஸ்ஸென்று ஊதும். அன்றைக்கு முள் கோட்டைத் தொட்டது, தாண்டியது, வால்வு வாயைத் திறக்கவில்லை. சந்தனம் சூட்டில் வெந்து, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது.

எனக்கு அப்போது புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. குனிந்து, அந்தச் சந்தனத்தை நகத்தால் சுரண்டக் கையை நீட்டினேன். முகம் பாய்லருக்கு நேர் மேலே இருந்தது.

"யோவ்! கைய எடுய்யா! அறிவிருக்குதா உனக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் சம்பந்தி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் சேற்றில் மல்லாந்து விழுந்தேன். "கிழவனாட்டம் பாத்துக்கினு கெடக்கற? ஆவிய இன்ஜினுக்குத் தொறந்து வுடு! ஜல்தி!" என்று கத்திக்கொண்டே, கரையில் கிடந்த சவுக்குக் கழியை எடுத்துப் படகை ஏரிக்குள் தள்ளினார். விழுந்த வாக்கிலேயே ரிமோட்டைப் பிடித்து, ஆவியைத் திறக்கிற லீவரை முழுதாகத் தள்ளினேன்.

அடைபட்டிருந்த ஆவி மொத்தமும் இன்ஜினுக்குள் பாய்ந்தது. படகு ஒரு துள்ளுத் துள்ளி, மூக்கைத் தூக்கிக்கொண்டு போயிற்று பாருங்கள், அந்த வெளிநாட்டுப் பெரியவரின் படகெல்லாம் இதன்கிட்ட நிற்காது. வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டு, நெற்றிப் பொட்டோடு, ஏரி நடுவில் அது பாட்டுக்கு ஓடியது. சேற்றில் உட்கார்ந்தபடியே நான் திருப்பினேன். திருப்பினால் திரும்பியது! முள் எங்கே இருக்கிறதென்று கரையிலிருந்து தெரியாது. ஆனால் படகின் வேகம் மெல்ல மெல்லத் தணிந்தது, எங்களுக்கும் மூச்சு வந்தது. விளக்கில் ஸ்பிரிட் தீருகிற வரைக்கும் வட்டம் வட்டமாக ஓட்டி, கடைசி மூச்சில் கரைப்பக்கம் திருப்பினேன். பிறகு சம்பந்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி, சூடு ஆறினதும் குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். முதுகெல்லாம் சேறு, காலர் கிழிந்து தொங்குகிறது. அவர் முகம் வெளுத்துவிட்டது. படகைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிக்கோங்க சம்பந்தி. பதட்டத்துல வாய்க்கு வந்தத பேசிட்டேன். பொண்ணு குடுத்தவர போயி இப்படி... எனக்கு பேஜாரா ஆயிடுச்சுங்க."

எனக்கு அழுகை வந்தது. அவர் இன்னும் பயந்துபோனார். வலியில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார். ஒருவழியாகச் சொன்னேன்: "எங்க வூட்டம்மா போனதுக்கப்புறம் என்ன யாரும் ஒரு வார்த்த திட்டனதில்லீங்க. எல்லாரும் பாவம் பாக்கறாங்க, இல்லன்னா மரியாத குடுக்கறாங்க. இன்னைக்குத்தான் ஒரு மனுஷன் என்ன ஆளா மதிச்சி திட்டியிருக்காரு."

அவர் தன் துண்டால் என் முதுகுச் சேற்றை வழித்துவிட்டார். அப்புறம், "அப்ப ஒண்ணு கேக்கறேன்" என்றார். "பொட்டுதான் வால்வ அடைக்குதுன்னு தெரியுதில்ல? தொடைக்க வேண்டியதுதானய்யா?"

"உன் கை மட்டும் இன்னா பண்ணிக்கினு இருந்தது?" என்றேன் நான்.

கரையில் உட்கார்ந்து இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழும்பிப் போயின. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சம்பந்தியம்மா இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "அது வாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எடத்துல வச்சிருப்பேனே! செத்து கித்து போயிருந்தா என்னயில்ல ஊரு பேசும்? ரெண்டும் போயி மொதல்ல சேத்த கழுவுங்க!" மகள் கதவருகில் நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லவில்லை.

இப்போது அங்கேயேதான் இருக்கிறேன். விழுப்புரத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என் காலரைப் பிடித்த கைக்கு என் முகம் மட்டுமல்ல, மிச்சமிருக்கிற என் நாட்களும் கடன்பட்டிருக்கின்றன. இதை அவரிடம் சொன்னால், வேலையைப் பார் என்பார். நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், "அப்ப நாளையிலேர்ந்து நீயே ஆக்கி துன்னு, அண்ணா" என்றார். நானே எழுந்துபோய், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தேன்.