அக்காவின் தோள்வலி

அக்கா அந்த அறையிலிருந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சோதனை நடந்தது கருப்பையில், வலித்தது தோளில். அறுபதுகளின் பிற்பகுதி அது. மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா தனியாக நடத்திய சிறிய மருத்துவமனை. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே வாயுவைச் செலுத்தியிருந்தார்கள். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. "தோள்ல ஏம்பா வலிக்குது? அங்க ஒண்ணும் பண்ணலியே" என்று கேட்டபடி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உயர்நிலைப் பள்ளியில் பூவின் சூலகத்தையும் மகரந்தத்தையும் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துகிறவன் நான். எனக்கும் பதில் தெரியவில்லை.

சற்று நேரத்தில் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தோளில் வலிப்பது நல்ல அறிகுறி என்றார். குழாய் திறந்திருந்தால்தான் வாயு வயிற்றுக்குள் போய்ச் சேரும்; அது மேலே எழும்பி உதரவிதானத்தில் முட்டும்போது அந்த நோவு தோளில் தெரியும். "உங்க அக்காகிட்ட ஒரு குறையும் இல்ல. இனிமே அவங்களப் படுத்தாதீங்க. அவங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. அவருக்கு ஒரு சோதனை இருக்கு, வலிகூட இல்லாதது. அவங்க போய்ச் சொன்னா எடுபடாது. நீங்க படிச்சவர், பக்குவமா எடுத்துச் சொல்லுங்க." நான் தலையாட்டினேன். நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது அந்த ஒரு செய்திதான்.

அதை நான் சேர்க்கவில்லை. ஏன் என்பதைச் சொல்ல எங்கள் இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். அக்காவை மாமாவுக்குக் கொடுத்தோம். மாமாவின் தங்கையை எனக்கு எடுத்தோம். அக்காவின் மாமியார்தான் எனக்கும் மாமியார். இப்படிக் கட்டிய உறவில் ஒரு வீட்டில் மனத்தாங்கல் வந்தால் அடுத்த வீட்டிலும் அடுப்பு அணையும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியது. அந்த வாரமே அந்தத் தாய்வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்த தங்கள் பெண்ணைப் பெட்டியோடு திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தப் பெண் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா சொல்லி அனுப்பிய சமயத்தில் என் மனைவி முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மாமாவிடம் போய், குறை உங்களிடம் இருக்கலாம் என்று சொன்னால், அந்த வீடு முதலில் என் மனைவியைத்தான் கூப்பிட்டுக்கொள்ளும் என்று நினைத்தேன்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "இன்னாப்பா சொன்னாங்க உன்கிட்ட?"

"எல்லாம் நல்லா இருக்குதாம்க்கா."

"அப்புறம் ஏம்பா நிக்கல?"

"அதுக்கு நேரம் வரணும்னாங்க."

டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னுடையது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழிகளில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் கை தோளுக்குப் போனது.

வீட்டில் மாமா தறியை விட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். "இன்னா மாப்ள, போறீங்க வரீங்க, பஸ்காரன் உங்க ரெண்டு பேருக்கும் தனியா சீட்டே போட்டு வெச்சிருவான் போலக்குது" என்றார். என் மாமியார் உள்ளேயிருந்து, "சீட்டு போடட்டும், தூளி எப்பப் போடறதுன்னு கேட்டுக்கினு வந்தீங்களா?" என்றார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அக்கா முகம் கழுவிக்கொண்டு நேராகத் தறிக்குப் போனாள். அகலக் கரைச் சேலையில் ஒரு பக்கக் கரைக்குத் தனியாக ஒருவர் நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடம் அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிவந்தாள். அன்று வலது கை ஏறவில்லை. இடது கையால் தள்ளினாள்.

அதற்கு முன்பும் அவள் பட்டது கொஞ்சமில்லை. விடிந்ததும் பாயைவிட்டு எழுவதற்கு முன் வாயில் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறித்துவைக்க வேண்டும். "தெனமும் இன்னா காய்ச்சல் உனக்கு?" என்று மாமியார் கேட்பார். ஒருமுறை கருப்பையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். இன்னது செய்யப்போகிறோம், இப்படி வலிக்கும், இவ்வளவு நேரத்தில் அடங்கும் என்று ஒருவரும் முன்கூட்டி அவளிடம் சொன்னதில்லை. நானும் கேட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கட்டி அழைத்துப் போவதைப்போல அழைத்துப் போனேன்.

அடுத்த ஆண்டு மாமாவுக்கு ஆரணிப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணைக் கட்டிவைத்தார்கள். சட்டப்படி அது செல்லாது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமாவது தெரியும். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா முன்னால் நின்று தாம்பூலம் கொடுத்தாள். கொஞ்ச நாளில் தறியில் கரைப்பக்கத்து இடம் சின்னவளுக்குப் போயிற்று. அக்கா வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக நூல் சுற்றினாள்.

சின்னவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. சில வருஷங்கள் பார்த்துவிட்டு அவளையும் மெட்ராஸுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. அக்காவே அழைத்துப் போனாள். பஸ்ஸில் போகும்போதே அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம்: எப்படிப் படுக்க வைப்பார்கள், எப்போது மூச்சை இழுத்துவிட வேண்டும், எது வலிக்கும். "தோள்ல வலிக்கும்மா. பயந்துடாத, அதுக்கும் இதுக்கும் உள்ள ஏதோ ஒரு வழி இருக்குது போல" என்றாளாம். சின்னவள்தான் பிறகு என் மனைவியிடம் சொன்னது. தன்னிடம் ஒருவரும் சொல்லாததையெல்லாம் அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரம்மாவுக்கு அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. உங்கள் கணவரை ஏன் கூட்டிக்கொண்டு வரவே இல்லை, உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பினேனே என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் சாயந்திரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தாள். கோபமோ அழுகையோ முகத்தில் இல்லை.

"மாமாவக் கூட்டிக்கினு வரச் சொல்லி உன்கிட்ட சொன்னாங்களாமே."

என் பேனா நின்றுவிட்டது.

"சொல்லியிருந்தா உன் பொண்டாட்டியக் கூட்டிக்கினு போயிடுவாங்கன்னு பயந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. காரணத்தைக்கூட அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். "இல்லக்கா, மறந்துட்டேன்" என்றேன்.

"சரிப்பா. மறந்துட்டன்னே வெச்சிக்கறேன்" என்றாள். எழுந்து போகும்போது, பிள்ளைகளுக்கு என்று முந்தானையில் முடிந்துவைத்திருந்த கடலை மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாமாவிடம் அவள் இதைச் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. அதன்பிறகு சின்னவளை எந்தச் சோதனைக்கும் போக அக்கா விடவில்லை என்பது மட்டும் தெரியும். மாமா கடைசிவரை டாக்டரிடம் போகாமலேயே இறந்தார். அவர் போயிருந்தால் பிள்ளை பிறந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் குறை தெரிந்தாலும் செய்ய வழி அதிகமில்லை. ஆனால் குறை யாரிடம் என்று தெரிந்திருக்கும். அக்காவுக்குத் தறியில் அவளுடைய இடம் இருந்திருக்கும். அவளும் போன வருஷம் போய்விட்டாள்.

இப்போது என் பேத்திக்குச் சென்னையில் சோதனைக் குழாய் முறையில் வைத்தியம் நடக்கிறது. ஒருநாள் நானும் கூடப் போனேன். தம்பதி இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து நர்ஸ் ஒவ்வொன்றாக விளக்கினார். தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும். வயிறு உப்பும், காரணமில்லாமல் அழுகை வரும். ஸ்கேனில் முட்டைகள் வளர்ந்தது தெரிந்ததும் மயக்கம் கொடுத்து மெல்லிய ஊசியால் எடுப்பார்கள். அன்றே கணவனுடைய அணுவோடு சேர்த்து ஆய்வகத்தில் சில நாள் வளர்த்து, கருவாக மெல்லிய குழாய் வழியே உள்ளே வைப்பார்கள். அதன்பின் காத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார். நிற்காமலும் போகலாம், அப்படிப் போனால் நீங்கள் படி ஏறியதாலோ சிரித்ததாலோ அல்ல என்றும் சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டாள். அவள் கணவன் ஊசி போடக் கற்றுக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஹோட்டலில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அந்தப் பையன் சொன்னான்: "மொதல்ல எனக்குத்தான் டெஸ்ட் எடுத்தாங்க தாத்தா. எனக்குத்தான் அணு கம்மி." சாம்பார் கொண்டுவரச் சொல்லும் குரலில் சொன்னான். பேத்தி, "அத ஊருக்கே சொல்லு" என்று அவன் கையில் தட்டினாள். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது, பஸ்ஸில் நான் சொன்னது, அக்காவிடம் மறந்துவிட்டேன் என்றது. அவள் அவரைக்காயை நறுக்குவதை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருப்பனே" என்றாள். "என் அண்ணன்தான?"

"உன்ன உங்க ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிருப்பாங்க" என்றேன்.

கத்தி நின்றது. "கூப்ட்டிருப்பாங்க. நான் போயிருப்பேன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. அவளைக் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன்.