போதும்ங்க என்று சொல்லி வாங்கிய லேப்டாப்

புது லேப்டாப்பின் மூடியில் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு தாம்பாளத்தில் ஏற்றி என் கையில் கொடுத்தார் மாமா. அம்மாவின் தம்பி. சோமனூரில் விசைத்தறி போட்டுக் கூலிக்குத் துணி நெய்து கொடுப்பவர். மெசின் என்று எது வீட்டுக்குள் வந்தாலும் அவருக்கு முதலில் பொட்டு வைத்தாக வேண்டும். தறியாக இருந்தாலும் சரி, மிக்ஸியாக இருந்தாலும் சரி. கட்டடக்கலை படிக்க எனக்குக் கோவையில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் அந்தப் படிப்பின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அதனால் லேப்டாப் தாய்மாமன் சீராக வந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்த பிறகும் மூடியில் மஞ்சளாக ஒரு கறை தங்கிவிட்டது.

அதை வாங்கிய அன்று மாமா கடையிலிருந்து எனக்குப் போன் செய்தார். "ஏங்கண்ணு, ரெண்டு மெசினு எடுத்து வெச்சிருக்கறாங்க. ஒண்ணு சாதா. எழுத, படிக்க, படம் பாக்க ஆகுமாமா. இன்னொண்ணு வெல கொஞ்சம் கூட, பவரும் கூட. உனக்கு எது வேணும்?" என்று கேட்டார். என் கையில் ஒரு காகிதம் இருந்தது. கல்லூரியில் மேல்வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, என்னென்ன இருந்தால் முப்பரிமாணப் படம் வரைகிற மென்பொருள் ஓடும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தது. சாதா மெசினில் அதில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தச் சமயம் கூலி உயர்வு கேட்டு சோமனூர்ப் பக்கம் தறிகளெல்லாம் வாரக்கணக்கில் நின்று கிடந்தன. அடுப்படி வாசலில் நின்று அம்மா கையை ஆட்டி, வாயைத் திறந்துவிடாதே என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். "எதுனாலும் பரவால்லீங்க மாமா. சின்னதே போதும்ங்க" என்றேன். "நெசமாலுமா கண்ணு?" என்றார். "ஆமாங்க மாமா." "பொறகு மாத்திப் பேசமாட்டியே?" "இல்லீங்க மாமா, போதும்ங்க."

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனவர்களுக்கு இது புரியும். இலையில் உட்கார்ந்தவர் முதலில் போதும்ங்க என்பார். வயிறு காந்தினாலும் போதும்ங்க என்பார். பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே வாங்காமல் இன்னொரு கரண்டி வைப்பார். இரண்டாவது போதும்ங்கவுக்கும் மதிப்பில்லை. மூன்றாவது தடவை இலையின் மேல் கையை விரித்து மறைத்தால்தான் நிஜமாகவே போதும் என்று அர்த்தம். நானும் அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாமா மூன்றாவது முறை கேட்பாரென்று காத்திருந்தேன். அவர் "சரி சாமி" என்று வைத்துவிட்டார்.

கல்லூரிக்குக் கொண்டுபோன முதல் நாளே அந்த மேல்வகுப்புப் பெண் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் ஓடாதே. ஒரு வாரத்துக்குள்ள கொண்டு போனா மாத்திக் கொடுப்பாங்க, போய் மாத்திரு" என்றாள். அம்மாவிடம் வந்து சொன்னேன். "ஏன்டி, சீரா வந்தத திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கறதா? உம்பட மாமன் என்ன நெனைப்பான்? பொட்டு வெச்ச மெசின எந்தக் கடைக்காரன் வாங்குவான்?" என்று ஒரே போடாகப் போட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு வாரமும் முடிந்தது.

முதல் வருடம் கையால் வரைவதுதான் அதிகம், சமாளித்துவிட்டேன். இரண்டாம் வருடத்திலிருந்து நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். திரையில் ஒரு சுவரைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் பட்டனை அமுக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். மெசினுக்குள் ஓடும் விசிறி போடுகிற இரைச்சலில் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். தோழிகளின் மெசினை அவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கெஞ்சி வாங்குவேன். பாதி வேலையில் அவர்கள் வந்து நின்றால் எழுந்து கொடுத்துவிட வேண்டும். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான்கு வருடம் அடுத்தவர் நாற்காலியின் பின்னாலேயே அலைந்தேன். நான்காம் வருடம், ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அலுவலகம் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. ஒரு வீட்டுக்குள் நடந்துபோவதுபோல் படம் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். என் மெசின் அதைப் பாதியில் விழுங்கிவிட்டு அணைந்துபோனது. வெறும் காகிதத்தோடு போய் நின்றேன். அவர்கள் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

கோபமெல்லாம் மாமா மேல் வந்தது. மறைப்பானேன், அவரை மனதுக்குள் கஞ்சன் என்றே வைதிருக்கிறேன். பெற்ற பிள்ளையாக இருந்தால் இன்னொரு தரம் கேட்டிருக்க மாட்டாரா என்று பொருமுவேன். நோம்பி, பண்டிகைக்கு வரும்போதெல்லாம் அவர் ஆசையாக, "மெசினு நல்லா ஓடுதா கண்ணு?" என்பார். "நல்லா ஓடுதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். நான் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் வேறு மெசின் வாங்கியதும் அவருக்குத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு நடுவே என்னைக் காட்டி, "நா வாங்கிக் குடுத்த சின்ன மெசினுலயே படிச்சு ஆர்க்கிடெக்ட் ஆயிட்டா. பவரு கிவருன்னு கடைக்காரன் சொல்றதெல்லா யேவாரத்துக்கு" என்றார். நானும் சிரித்தபடி நின்றேன்.

அந்தச் சிரிப்பு இந்த வருடம் என்னைப் பிடித்துக்கொண்டது. மாமாவின் ஒரே மகளுக்கு அனிமேஷன் படிக்க இடம் கிடைத்தது. அவர் போனில் குஷியாகச் சொன்னார்: "உனக்கு வாங்குன மாதிரியே சின்னதாப் பாத்து வாங்கிப்போடறேன் கண்ணு. இவளும் உன்னையாட்ட வந்துருவா. ஞாயித்துக்கெழம கடைக்குப் போறோம்." நான் "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். வாயில் வேறென்ன வரும்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டடம் வரைகிற எனக்கே அந்தப் பாடு என்றால், அசைகிற படம் செய்கிற பெண்ணுக்கு அந்த மெசின் ஒரு மாதம்கூடத் தாங்காது. அலுவலகத்தில் வரைபடத்தைத் திறப்பேன், மூடுவேன். போனை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போய் வைத்துவிடுவேன். சொன்னால், பத்து வருடத்துக்கு மேலாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவரும் அவருடைய சீரை நானே மண்ணாக்கின மாதிரி. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணும் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கப் போகிறாள், என் பெயரைச் சொல்லியே அவளை நிறுத்தப் போகிறார்கள்.

ஞாயிறு காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சோமனூருக்குக் கிளம்பினேன். கருமத்தம்பட்டியில் நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு டீ குடித்தேன். மறுபடியும் கிளம்பிப் போனால், மாமா வீட்டை ஒட்டிய தறிக்கூடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மகள் தலை சீவிக் கிளம்பித் தயாராக நின்றாள். மெதுவாக, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். தறிச் சத்தத்தில் அதெல்லாம் எங்கே எடுபடும்! கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன்: "மாமா, நீங்க வாங்கிக் குடுத்த மெசினுல எம்பட படிப்பு ஓடவே இல்லீங்க! நா உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேனுங்க!"

அவர் பட்டனைப் போடாமல் என்னைப் பார்த்தார். பிறகு கூடத்துக்குள் போய்த் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், கெஞ்சி வாங்கியது, ஆர்.எஸ்.புரத்திலிருந்து திரும்பி வந்தது, நோம்பிக்கு நோம்பி பொய் சொன்னது. அழுகை வந்தது, அழுதேன். அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாமா திரும்பித் தன் மகளிடம், "நீ சொல்லு அம்மணி, உனக்கு எது வேணும்?" என்றார். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எனக்குப் பெருசுதாம்ப்பா வேணும். சின்னதுல எம்பட படிப்பு ஓடாது. நானே நெட்டுல பாத்துட்டேன், சொல்லத்தா பயமா இருந்துச்சு" என்று படபடவென்று சொல்லி முடித்தாள். "அவ்வளவுதான? பெருசே வாங்கிப்போடலாம் போ" என்றார் மாமா. முடிந்தது. நான் நான்கு வருடம் அலைந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது.

அவள் பையை எடுக்க உள்ளே ஓடினாள். மாமா மிச்சப் பட்டன்களைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கி பெருசுக்குத்தா பில்லு போட்டு வெச்சிருந்தேன் கண்ணு. பணமும் கட்டியாச்சு. பெருசுதா வேணும்னு உம்பட வாயால கேட்டு, வாங்கியாச்சு சாமின்னு சொல்லி, நீ சந்தோசப்படறத கேக்கலாம்னுதா போன் பண்ணுனேன். நீ சின்னதே போதும்னுட்ட. ரெண்டு தரம் கேட்டுப் பாத்தேன். அப்பறம், நீ வேண்டாங்கறத உம்பட தலையில கட்டக்கூடாதுன்னு மாத்திப்போட்டேன்."

இத்தனை வருடம் அவர் மேல் வைத்திருந்த கோபத்தை இனி யார் மேல் வைப்பது என்று தெரியாமல், காலில் போட்டிருந்த செருப்பையே வாசலில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.