எக்ஸ்ரேயின் சாப்பாட்டுத் தாள்

சட்டை தைக்கும் ஆலையின் வாசலில் பதினெட்டு வருடமாக அவர் பைகளைத் திறந்து பார்க்கிறார். உள்ளே போகிறவர்களிடம் பாக்கு, தீப்பெட்டி. வெளியே வருகிறவர்களிடம் நூல்கண்டு, பொத்தான். ஒருமுறை சோற்றுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு ஜிப்பை எடுத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் எக்ஸ்ரே.

எக்ஸ்ரே யாரையும் நம்புவதில்லை. பல் டாக்டரையும் நம்பவில்லை.

சூடாக எது சாப்பிட்டாலும் இடது கன்னத்தின் உட்புறம் எரிந்தது. டாக்டரம்மா பஞ்சால் துடைத்துப் பார்த்தார். அங்கே படிந்திருந்த வெள்ளைப் படலம் போகவில்லை.

"இது புற்று இல்ல. கவனிக்காம விட்டா ஆகலாம். பாக்கு, புகையிலை?"

"அந்தப் பழக்கமே கிடையாதும்மா."

டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு வாரம், வாயில் போடுவதையெல்லாம் நேரத்தோடு எழுத வேண்டும்.

வாசல் பதிவேட்டை எழுதுவது போலவே எழுதினார். 8.10 டீ. 1.05 சோறு, குழம்பு, முட்டை. பாக்கை எழுதவில்லை. அதை விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறோமே என்பது அவர் கணக்கு. கடையில் வாங்குவதும் இல்லை. தொழிலாளிகளிடம் பிடுங்கிய பொட்டலங்கள் மேசைக்கடியில் ஒரு டின்னில் கிடக்கும். மாலையில் எரிக்க வேண்டும். எரிப்பவரும் அவர்தான்.

டாக்டரம்மா தாளைப் படித்தார். "பதினாலு நாள்ல ஒரே ஒரு வாழைப்பழம். காய்னு ஒண்ணுமே காணோமே?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தாம்மா," என்றாள் உடன் வந்திருந்த மனைவி. "தக்காளித் தோலக்கூட எடுத்துத் தட்டோரமா அடுக்கி வைப்பாரு, திருட்டுச் சாமானைப் பிடிச்ச மாதிரி."

"காய், கீரை, பழம் நல்லா சாப்பிடுறவங்களுக்கு இந்த மாதிரிப் படலம் வர்றது குறைவு. ஆனா காய் சாப்பிடாததால மட்டும் இது வந்திருக்கும்னு எனக்குத் தோணல." டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து டிபன் பாக்ஸில் கீரை, கேரட், பப்பாளித் துண்டுகள்.

"என்னண்ணே, டப்பாவுக்குள்ள தோட்டம் போட்டுட்டீங்க?" என்றாள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்.

"மூடிட்டுப் பையத் திற."

காய்கறிக் கடைக்காரனுக்கும் டாக்டருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று நினைத்தார். ஆனாலும் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். கீரை பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் பாக்கு கொஞ்சம் கூடியது.

ஆறு வாரம் கழித்துப் போனபோது படலத்தின் ஓரம் சிவந்திருந்தது. டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

மனைவிக்குச் சமாதானமாகவில்லை. முதலில் தன் மேலேயே சந்தேகம்: கீரையைச் சரியாகக் கழுவவில்லையோ? பிறகு டாக்டர் மேல். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். அவருடைய சீருடையின் கிழிந்த சட்டைப்பையைத் தைக்க எடுத்தபோது அதை உள்வெளியாகப் புரட்டினாள். தையல் இடுக்கில் பழுப்புத் தூள். மோந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"தூசி."

"தூசி மணக்குமா?"

"என்னையே சோதனை போடுறியா?"

"ஊரையே சோதனை போடுற மனுஷனுக்கு வீட்டுல கேட்டா ரோஷம் வருதாக்கும்! கீரை ஆய்ஞ்சு ஆய்ஞ்சு என் நகமெல்லாம் கறுத்துப் போச்சுங்க. வாயத் திறங்க."

அவர் திறக்கவில்லை. அவள் ஒரு தாளையும் பேனாவையும் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

சோதனை முடிவு வந்தது. செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்று இல்லை.

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் டாக்டரம்மா. புதிய தாளைப் படித்தார். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஐந்து இடங்களில் பாக்கு. "கீரைய விடாதீங்க. ஆனா பாக்கு மெல்லுற வாய்க்குக் கீரை காவல் நிக்காது. இன்னியோட நிறுத்தணும். மாசாமாசம் வந்து காட்டணும்."

அவர் தலையாட்டினார்.

டாக்டரம்மா தாளைக் கீழே வைக்கவில்லை. "அஞ்சுதானா?"

"ஏழு."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஒம்பது," என்றார்.