வெள்ளி கலந்த டப்பா

பிளாஸ்டிக் டப்பாவுக்குள் புளிப்புத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டு, பத்து நாள் காத்திருப்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், மூலக்குளம் தாண்டி இருந்த ஒரு டப்பா கம்பெனியின் பரிசோதனை அறையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு டப்பாவில் வினிகர் கலந்த தண்ணீர், இன்னொன்றில் எண்ணெய். இரண்டையும் இளஞ்சூட்டில் வைத்திருந்து, டப்பாவிலிருந்து உள்ளே என்ன இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த வினிகர் தண்ணீர்தான் சாப்பாட்டுக்குப் பதில். அந்த முறையை வகுத்தவர்கள் நம் மீன் குழம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு புது டப்பா வந்தது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கிய வெள்ளிப் பொடியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து செய்தது. உள்ளே வைத்தது சீக்கிரம் கெடாது என்றார்கள். மூடி கோணலாகிப்போன டப்பாக்களை அங்கே வேலை செய்பவர்களே எடுத்துக்கொண்டு போகலாம். நானும் மூன்று எடுத்துக்கொண்டேன்.

அவற்றை என் தங்கைக்குக் கொடுத்தேன். அவளைத் தேங்காய்த்திட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். "வெள்ளி கலந்தது, சாதாரண டப்பா இல்ல" என்று நான்தான் பீற்றிக்கொண்டேன். வெள்ளிக் கிண்ணம் வாங்கித் தர வக்கில்லாத அண்ணனுக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து சென்னையிலிருந்து பரிசோதனைத் தாள் வந்தது. என்னிடம் இருந்த தராசுக்கு வெள்ளியைப் பிரித்துக் காட்டத் தெரியாது என்பதால், என் டப்பாத் தண்ணீரை அங்கே அனுப்பியிருந்தோம். புளிப்புத் தண்ணீருக்குள் வெள்ளி இறங்கியிருந்தது. சூடு கூடக்கூட அதிகமாக இறங்கியிருந்தது. மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுக்குன்னு ஒரு அளவு சட்டத்துல போட்டிருக்கானாப்பா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் என்னத்த தாண்டிட்டோம்னு சொல்ற?"

வெள்ளி இறங்குவதால் கெடுதல் என்று எவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. கெடுதல் இல்லை என்றும் சொல்லவில்லை. தாளைக் கோப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று மனம் பதறியது என்று எழுத ஆசைதான். பதறவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதைப்போல, தங்கையை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆனாலும் டப்பாக்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தங்கையிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் வாங்கிவிடலாம் என்று நினைத்தது என் கெட்டிக்காரத்தனம். "அந்த டப்பாவெல்லாம் குடுத்துடும்மா, ஆபீஸ்ல கேக்குறாங்க" என்றேன்.

"அதுக்கென்னண்ணே" என்றவள், மூன்றிலும் நெத்திலிக் குழம்பும் வறுவலும் வைத்துக் கொடுத்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அவற்றைக் கழுவி, புளிசாதமும் மாங்காய் ஊறுகாயும் அடைத்து, தேங்காய்த்திட்டுப் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

"ஆபீஸ்ல கேக்குறாங்கன்னு சொன்னேனேம்மா!"

"புள்ளத்தாச்சி பொண்ணுகிட்டேந்து வந்த டப்பாவ வெறுமனே வச்சிக்கிட்டு உக்காரச் சொல்றியா? ஆபீஸ்ல வேற டப்பாவா இல்ல?"

இன்னும் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் நிறைந்து வந்தன, நிறைந்து போயின. பரிசோதனை அறையில் பத்து நாள் எடுக்கிற வேலையை இரண்டு வீடுகளும் சேர்ந்து ஓயாமல் செய்துகொண்டிருந்தன. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்குள் தெளிவாக இருந்தது அந்த வெட்கம் ஒன்றுதான்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. கேட்டதும் ஒரு நாள் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

ஆறாம் மாதம் சோறூட்ட அழைத்தார்கள். முதல் வாய் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். அன்றைக்காவது தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து போனேன். அவளுடைய மாமியார் மீன் ஏலத்தில் விலை கூவுகிறவர். வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, என் கையைப் பார்த்துக் கேட்டார்.

"மாமன் வெறுங்கையோட வந்திருக்காரு. வெள்ளிக் கிண்ணம் எங்க?"

தங்கை உள்ளே போனாள். மூன்று டப்பாவில் சின்னதை எடுத்துவந்தாள். பளிச்சென்று துலக்கி, விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள்.

"எங்கண்ணன் அப்பவே குடுத்துட்டாரு அத்த. இது வெள்ளி கலந்தது. அதான் பாப்பாவுக்குன்னே தனியா வச்சிருந்தேன்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. மாமியார் வாங்கித் தட்டிப் பார்த்து, "பரவால்லையே" என்றார். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கிய குழைந்த பருப்புச் சோற்றை அந்த டப்பாவில் போட்டார்கள். நெய் விட்டார்கள். ருசிக்கு ஒரு கரண்டி ரசமும் விட்டார்கள். சூடு, எண்ணெய், புளிப்பு. பரிசோதனை அறையில் நான் தனித்தனியாக வைத்துப் பார்த்தவை.

பிசைந்து ஆறவைத்து டப்பாவை என் கையில் கொடுத்தார்கள். குழந்தை மடியில் இருந்தது. சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. கொஞ்சம் சோற்றை விரல் நுனியில் எடுத்து அதன் உதட்டில் வைத்தேன். சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அது என் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாய்க்காக வாயைத் திறந்தது.

ஊட்டினேன்.