பட்டியலில் விடுபட்ட காது

மடக்கு ஏணி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு 'ஒருவேளை' என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் அதுதான். ஒருவேளை படி வழுக்கினால்? ஒருவேளை திருகாணி கழன்றால்? ஏணி விழுமுன்பே அதைத் தாளில் நூறு விதமாக விழவைத்துப் பார்ப்பது அவர் உத்தியோகம். ஒவ்வொரு விதத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மூன்று மதிப்பெண்கள்: அடி எவ்வளவு பலம், எத்தனை முறை நேரும், முன்கூட்டிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். மூன்றையும் பெருக்கி, பெரிய எண்ணை முதலில் கவனிக்க வேண்டும். இப்படிச் சந்தேகப்படுவதற்கு இருபத்தாறு ஆண்டுகளாகச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு, அது கெட்டுப்போகக்கூடிய நாற்பத்தொரு வழிகளை எழுதி, கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் நீட்டினார். அந்த அம்மாள் பேனாவை வாங்கி நாற்பத்திரண்டாவதை எழுதினார்: 'மாப்பிள்ளை இந்தத் தாளைப் பெண்ணிடம் காட்டுவது.' மனிதர் அன்றே கவிழ்ந்துவிட்டார்.

ஏணியை விரிக்கும்போது அதைப் பூட்டும் கொக்கி சரியாக விழுந்தால் 'டக்' என்று கேட்கும். கேட்டால்தான் ஏணிக்குத் தேர்ச்சி முத்திரை. பரிசோதகரும் அவரே என்பதால், கேட்பது நம்மவரின் காது.

ஒரு காலை, மனைவி சமையலறையிலிருந்து வந்து எதிரே நின்றார்.

"காஸ் தீந்துபோச்சுன்னு நாலு தடவ கத்திட்டேன்."

"மெதுவா சொன்னா எப்படிம்மா கேக்கும்?"

"மாடி வீட்டுக்காரரு சிலிண்டர தூக்கிட்டு வாசல்ல நிக்கிறாருங்க!"

அவர் அசடு வழிந்தார். மேசையில் கிடந்த ஏணிப் பட்டியலை மனைவி பார்த்தார்.

"இதுல ஒரு வரி விட்டுப்போச்சு. நான் எழுதவா, நீங்களே எழுதுறீங்களா?"

எழுதினால் முத்திரை போகும், வேலையும் போகலாம். எழுதாவிட்டால், கொக்கி விழாத ஏணியில் யாரோ விளக்கு மாட்ட ஏறுவார்.

எழுதினார்: 'பரிசோதகருக்குக் காது கேட்கவில்லை.' பாதிப்பு பத்து. நேர்வது ஒன்பது. கண்டுபிடிக்கும் கடினம் பத்து.

"பத்தா? தெருவுக்கே தெரியுமே! மூணு போடுங்க."

"தெருவுக்குத் தெரிஞ்சு என்ன, ஃபேக்டரிக்குத் தெரியாதே."

பெருக்கினால் தொள்ளாயிரம். அங்கே எந்த ஏணியும் எட்டாத உயரம்.

தொழிற்சாலையில் பட்டியலைப் படித்த மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சார், உங்களையே போட்டுக் குடுத்துட்டீங்க?"

"பெரிய நம்பரத்தானே சார் முதல்ல பாக்கணும்?"

கிடங்கிலிருந்த அறுநூறு ஏணிகளையும் மறுபடி விரித்துப் பார்த்தார்கள். ஏழில் கொக்கி விழவில்லை. அந்த ஏழும் யாரையும் தள்ளிவிடுமுன் பிடிபட்டன. கொக்கியையே மாற்றினார்கள்: முழுதாக விழாதவரை ஒரு சிவப்புக் கோடு வெளியே தெரியும், காதுக்கு வேலையில்லை. பழைய காதுக்கும் ஒரு கருவி வந்தது.

"இந்தக் கொக்கி எப்படியெல்லாம் ஏமாத்தும்னு நீங்கதான் எழுதணும்" என்று மேலாளர் புதுத் தாளை நீட்டினார். போன உயிர் திரும்பி வந்தது நம்மவருக்கு.

அன்று மாலை மேசையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினார்: 'ஒருவேளை பரிசோதகரின் கண்?'

இந்த முறை, மனைவி வந்து பார்ப்பதற்குள்.